யாருக்குக் கொழுப்பு?

1

"ஊதுடி!"

ஒரகடம் கூட்டுரோடு. மாலை நாலே கால். ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கியும் இறங்காமலும் இருந்த மகளை மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, மின்கம்பத்தோடு சேர்த்து நிறுத்தினாள் சாரதா.

"ஊதுன்றேன்ல?"

தேவிப்பிரியா ஊதினாள். வயது பதினொன்று, ஆறாம் வகுப்பு, இரட்டைப் பின்னல். குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டிக்கொண்டவன் போலீசிடம் ஊதுவானே, அப்படித் தயங்கியெல்லாம் ஊதவில்லை. தினமும் ஊதுகிறவள். பழகிவிட்டது.

சாரதா முகர்ந்தாள். அடுத்தது விரல்கள். ஒவ்வொன்றாக வந்து, கட்டைவிரலில் நின்றாள்.

"இன்னாது, எண்ண வாசன வருது?"

"ஆட்டோ கம்பிம்மா. எல்லாரும் புடிக்கிற கம்பி."

"கம்பியில எவன்டி எண்ண தடவினான்?"

எதிரே பஜ்ஜிக் கடை மீனம்மாள் கரண்டியும் கையுமாகக் கத்தினாள். "யம்மா சாரதா! உன் பொண்ணு என் கடையாண்ட வரவே இல்ல. வந்தாலும் எவ குடுப்பா? நீதான் கடைக்குக் கட பூந்து சொல்லி வச்சிகீறியே, ஜெயில்ல இருந்து தப்பிச்சவ போட்டோவ ஒட்டுற மாறி!"

கூட்டுரோடு சிரித்தது. கன்டெய்னர் லாரிக்காரர் ஒருவர் வண்டியை ஓரங்கட்டிச் சிரித்தார். தேவிப்பிரியா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். துடைத்தது தப்பாகிவிட்டது. தடயத்தை அழித்த குற்றமும் சேர்ந்துகொண்டது.

ஒரகடத்தின் மேல் கருமேகங்கள், ஒரு கொலைகாரனின் போர்வையைப் போல மெல்ல மெல்ல

(வேண்டாம். அன்று மேகமே இல்லை. பழக்க தோஷம்.)

2

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்று சொல்லிவிடுகிறேன். மறைத்தால் நீங்கள் என்னைத்தான் சந்தேகப்படுவீர்கள்.

2004-ஆம் வருடம். இருபது வருடமாக வாரப் பத்திரிகையில் மர்மத் தொடர் எழுதிக்கொண்டிருந்தேன். ஆசிரியர் போன் செய்தார். மருத்துவச் சிறப்பிதழ், ஒரே இதழில் முடிகிற கதை, விறுவிறுப்பு முக்கியம்.

"வல்லம் வடகால் பக்கம் வயல்ல ஒரு பிணம் கிடக்குது சார்" என்று ஆரம்பித்தேன்.

"கொலை வேண்டாம் சார். கொலஸ்ட்ரால்."

"அதுல யாரு சாவாங்க?" தொழில்முறைக் கேள்விதான்.

"யாரும் சாகக் கூடாது. நடுப்பக்க விளம்பரம் சமையல் எண்ணெய்க்காரங்க கொடுக்கறாங்க."

யாரும் சாகாத மர்மக் கதைக்கு நான் எங்கே போவேன்? ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் ஒரு வீட்டுக்குப் போனேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டேன். அந்த வீட்டு விலாசம் எனக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். கேளுங்கள்.

மர்மக் கதைக்கு ஒரு குற்றம் வேண்டும். சந்தேகப்பட நாலு பேர் வேண்டும். கடைசியில் ஒருவர் மாட்ட வேண்டும். எல்லாம் அந்த வீட்டிலேயே தயாராக இருந்தது. குற்றம் மட்டும் கத்தியாகவோ கயிறாகவோ இல்லாமல் ஓர் எண்ணாக இருந்தது.

முந்நூற்று முப்பத்தெட்டு.

3

சாரதாவின் கணவர் ஏகாம்பரநாதன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், தகடு அழுத்தும் பிரஸ்ஸில் ஆப்பரேட்டர். வருடத்துக்கு ஒருநாள் அங்கே குடும்ப விழா. பந்தல், கோலப் போட்டி, மியூசிக்கல் சேர், தொழிலாளிக்கு ஒரு கூப்பன் வீதம் இலவச ரத்தப் பரிசோதனை.

இருநூறு டன் பிரஸ்ஸுக்குள் தகட்டை வைத்து எடுக்கிற மனிதருக்கு, ஓர் அங்குல ஊசியைக் கண்டால் ஓட்டம்.

"நான் கல்லு மாறி கீறேன், எனக்கு இன்னாத்துக்கு? பாப்பாவுக்கு எடுங்க. அடிக்கடி தலைவலின்றா" என்று கூப்பனை மகள் கையில் திணித்துவிட்டு, எலுமிச்சம்பழ ஸ்பூன் பந்தயத்துக்கு ஓடினார். ஜெயித்தும் விட்டார். பரிசு டிபன் பாக்ஸ்.

பத்து நாள் கழித்து உறை வந்தது. கொலஸ்ட்ரால் 338. இருநூறுக்குள் இருக்க வேண்டும் என்று ஓரத்தில் அச்சடித்திருந்தது. ஷிப்ட் சூப்பர்வைசர் வாங்கிப் படித்துவிட்டு அறிவித்தார்: "ஏகாம்பரம், உன் பொண்ணுக்கு செம கொழுப்புப்பா." உற்பத்தி லைன் முழுக்கச் சிரித்தது. பள்ளிக்கூடத்திலும் செய்தி பரவியது. "டீச்சர், தேவிக்குக் கொழுப்பாம் டீச்சர்!" டீச்சர் நோட்டுத் திருத்திக்கொண்டே சொன்னார்: "தெரியுமே."

இந்தச் சமாச்சாரத்துக்குத் தமிழில் பெயர் வைத்த புண்ணியவானை எங்காவது பார்த்தால் சொல்லுங்கள். சர்க்கரை வந்தவரைப் பார்த்து 'பாவம், சர்க்கரை' என்கிறோம். இது வந்தவரைப் பார்த்து 'அவளுக்குக் கொழுப்பு' என்கிறோம். முன்னவருக்கு அனுதாபம். பின்னவருக்குச் செவிட்டில் ஒன்று.

உறையோடு வந்த மருத்துவர் யாரும் இல்லை. சாரதாவுக்கு ஒரு பக்கம் கிடைத்தது. மளிகை கட்டி வந்த காகிதமில்லை, பத்திரிகையிலிருந்து அவளே கவனமாகக் கிழித்து எடுத்தது. 'உடம்போடு பேசு' என்ற பகுதி. எழுதியவர் டாக்டர் நரசிம்மன். வட்டத்துக்குள் கண்ணாடி போட்ட படம். தலைப்பு: 'தொண்ணூறே நாளில் கொழுப்பு கரையும்!'

சோற்றுப் பருக்கை தேய்த்து அடுப்புப் பக்கச் சுவரில் ஒட்டினாள். முட்டை கூடாது, பால் கூடாது, தேங்காய், வேர்க்கடலை, நெய், எண்ணெய் எதுவும் கூடாது. காலையில் கொள்ளுத் தண்ணீர். நாலு பல் பச்சைப் பூண்டு. பெரியவர் சிறியவர் என்ற பேதமே இல்லை. கடைசியில் இரண்டு வரி, கொட்டை எழுத்தில்:

இதன் பிறகும் குறையவில்லையா? சந்தேகமே வேண்டாம். நோயாளி உங்களுக்குத் தெரியாமல் தின்கிறார்!

நடை நன்றாகத்தான் இருக்கிறது. சின்னச் சின்ன வாக்கியம், விறுவிறுப்பு, சரியான இடத்தில் ஆச்சரியக்குறி. வைத்தியத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

4

தொண்ணூறு நாள் ஆரம்பமானது. ஊதச் சொல்வதும் முகர்வதும் அன்றைக்கே தொடங்கிவிட்டன.

சந்தேகப் பட்டியலில் முதல் பெயர், சத்துணவு முட்டை. வாரத்துக்கு ஒன்று. தேவிப்பிரியா அதை உரித்து, பக்கத்தில் உட்காரும் பெண்ணிடம் கொடுத்துவிடுவாள் என்பது அவள் வாக்குமூலம். இரண்டாவது, பஜ்ஜி மீனம்மாள். மூன்றாவது, மாடியறை.

மாடியறையில் வாடகைக்கு இருந்தவள் இசக்கிசெல்வி. சாத்தான்குளத்துப் பக்கமிருந்து வந்து கேபிள் தொழிற்சாலையில் வேலை பார்த்த இருபத்திரண்டு வயதுப் பெண். வார விடுமுறையன்று தேங்காய் எண்ணெயில் முறுக்குச் சுடுவாள். அந்த வாசனை படிக்கட்டு வழியாக இறங்கி, நேராகக் கீழ்வீட்டுக் கூடத்துக்கு வந்துவிடும். வாசனைக்கு வாரன்ட் தேவையில்லை.

இங்கே நான் ஒரு தப்பு செய்தேன். தேவிப்பிரியா திருடியிருப்பாள் என்று எனக்கும் தோன்றியது. பதினோரு வயது, மூன்று மாதம், உப்பும் புளியும் மட்டும் போட்ட குழம்பு. யாராக இருந்தாலும் கை நீளும். ஆகவே எழுதிப் பார்த்தேன்:

தேவிப்பிரியா பூனை போலப் படியேறினாள். கதவு ஒருக்களித்திருந்தது. எவர்சில்வர் தட்டில் ஆறு முறுக்குகள். சுற்றுமுற்றும் பார்த்தாள். கை மெல்ல

அதற்கு மேல் பேனா நகரவில்லை. அடுத்த ஞாயிறு அவளிடமே கேட்டேன்.

"ஒண்ணுகூடத் தின்னலியா?"

"இல்ல சார்."

"ஆசையா இருந்திருக்குமே?"

"இருந்துச்சு சார். அதுக்கு இன்னா இப்போ?"

கதாபாத்திரம் இப்படித் திருப்பிக் கேட்டால் கதாசிரியன் என்ன செய்வான்? அந்தப் பத்தியை அடித்துவிட்டேன். அடித்ததை உங்களுக்குக் காட்டியது, சந்தேகப்பட்டவர்களில் நானும் ஒருவன் என்று பதிவு செய்வதற்காக.

5

தொண்ணூற்றொன்றாம் நாள், மறுபடி ரத்தம் எடுத்தார்கள். முந்நூற்று நாலு.

அன்று மாலை கூடத்தில் விசாரணை. நீதிபதி, அரசு வக்கீல் இரண்டு வேலையையும் ஏகாம்பரநாதனே பார்த்தார். முதல் ஷிப்ட் முடிந்து, கேன்டீனில் இரண்டு போண்டா சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார்.

"மூணு மாசம்! வெறும் முப்பத்தி நாலு எறங்கிகீது! யாரு குடுத்தா சொல்லு."

"யாரும் குடுக்கலப்பா."

"அப்போ நீயா எடுத்தியா?"

"எடுக்கல."

"சுவத்துல டாக்டரு எழுதிகீறாரு பாரு. பட்ச்சவரு பொய் சொல்வாரா, நம்பரு பொய் சொல்லுமா? ஒடம்புல கொழுப்புன்னா வாயிலயும் கொழுப்பு!"

சத்தம் கேட்டு இசக்கிசெல்வி இறங்கி வந்தாள். "ஏம்ண்ணே, சின்னப் பிள்ளையப் போட்டு இப்படி வறுக்கிய? அவ எங்க ரூம் படியக்கூட மிதிக்கலண்ணே. நாந்தான் ஒருநா முறுக்கு நீட்டுனேன். 'வேண்டாம்க்கா, மோந்துட்டுப் போறேன்'ன்னுட்டுப் போயிட்டா."

"நீட்னியா?" ஏகாம்பரநாதன் எழுந்தே விட்டார். "கேட்டியா சாரதா? அவ வாயாலயே சொல்லிட்டா, நீட்னாளாம்!"

"நீட்டுனேன், அவ வாங்கலன்னுல்லா சொல்லுதேன்?"

"மாசக் கடேசில ரூம காலி பண்ணிடும்மா."

சாட்சி சொல்ல வந்தவள் கூட்டாளியாகிவிட்டாள். என் தொடர்களில் இந்தத் திருப்பத்துக்கு நாலு வாரம் எடுத்துக்கொள்வேன். வடக்குப்பட்டில் நாலு நிமிடம்.

மறுநாள் காலை தேவிப்பிரியா தட்டைத் தள்ளிவைத்தாள்.

"துன்னாதான திருடின்றீங்க? துன்னல."

கொழுப்பு என்றார்கள். மதியமும் சாப்பிடவில்லை. அடுத்த நாள் கொள்ளுத் தண்ணீர்கூட இல்லை. சாரதா கெஞ்சினாள், அடித்தாள், மறுபடி கெஞ்சினாள். மூன்றாம் நாள் காலை, பள்ளிப் பிரார்த்தனை வரிசையில் நின்றவள் நின்றபடியே விழுந்தாள். தாடையில் கல் குத்தி நாலு தையல்.

(இந்த இடத்தில் வழக்கமாக ஒரு நகைச்சுவை வைப்பேன். வரவில்லை.)

6

காஞ்சிபுரத்தில் ஒரு டாக்டரம்மா. பள்ளிக்கூடத்தில்தான் அந்த விலாசம் கொடுத்தார்கள். மகளுக்குக் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. ஏகாம்பரநாதன் ஷிப்டிலிருந்து பாதியில் புறப்பட்டு, யூனிபார்ம், சேஃப்டி ஷூ சகிதமாக வந்து நின்றார். சாரதா இரண்டு ரிப்போர்ட்டையும் எடுத்து வைத்தாள். கூடவே, சுவரிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்த பக்கத்தையும். சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

"இத யாரு எழுதினது?"

"டாக்டர் நரசிம்மன்மா. பெரிய டாக்டரு."

"எந்த ஆஸ்பத்திரில?"

சாரதா யோசித்தாள். "பத்திரிகைலம்மா."

டாக்டரம்மா அதைத் தள்ளிவைத்துவிட்டு ரிப்போர்ட்டைப் பார்த்தார். "முந்நூத்தி முப்பத்தெட்டுல இருந்து முந்நூத்தி நாலு. மாத்திரை எதுவும் தரல, சாப்பாடு மட்டும்தான் மாத்தினீங்க. அப்படித்தானே?"

"ஆமாங்க டாக்டர்" என்றார் ஏகாம்பரநாதன். "ஆனா இவ திருட்டுத்தனமா..."

"திருட்டா? இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு சாப்பாட்டால பத்துல ஒரு பங்கு எறங்கினாலே பெரிய விஷயம். ஒழுங்கா இருந்திருக்கா, அதான் எறங்கியிருக்கு. மூணு மாசமா வெளிய தின்னுட்டு இருந்தா இதுகூட எறங்கியிருக்காது."

வாசகர்களே, இருபது வருடத்தில் நான் இப்படி ஒரு திருப்பம் எழுதியதில்லை. எந்த எண்ணை வைத்து அவளைத் திருடி என்றார்களோ, அந்த எண்தான் அவளுக்குச் சாட்சி.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பங்கு உடம்பே செய்வது. மிஞ்சியதை அள்ளி எடுப்பது கல்லீரல் வேலை. இவளுக்கு அள்ளுகிற கைகளில் பாதி பிறவியிலேயே வேலை செய்யவில்லை. பலகாரம், நெய், பாலாடை, தேங்காய் இதெல்லாம் குறைவாகவே இருக்கட்டும். அது நல்லதுதான், விட வேண்டாம். ஆனால் வளருகிற பெண்ணுக்குச் சோறு, பருப்பு, கீரை, மீன் எல்லாம் வயிறு நிறைய வேண்டும். மீதி வேலைக்கு மாத்திரை இருக்கிறது, அவளுக்கு அதற்குரிய வயது ஆகிவிட்டது, பார்த்துப் பார்த்து ஆரம்பிக்கலாம்.

"இது பரம்பரையா வர்றது. அம்மாகிட்ட இருந்து வந்திருக்கணும், இல்ல அப்பாகிட்ட இருந்து."

"எங்க வூட்ல கெடையாதுங்க" என்றார்கள் இருவரும், ஒரே குரலில். கல்யாணமாகிப் பதின்மூன்று வருடத்தில் அவர்கள் ஒன்றாகச் சொன்ன ஒரே வாக்கியம் அதுவாக இருக்கலாம்.

ஏகாம்பரநாதன் ஒரு ஷூவால் இன்னொரு குதிகாலைத் தேய்த்துக்கொண்டே நின்றார். டாக்டரம்மா அதைக் கவனித்தார்.

"ஷூவக் கழட்டுங்க."

"எனக்கா டாக்டர்? இது ஷூ காய்ப்பு. சேஃப்டி ஷூ போடறவன் எல்லாத்துக்கும் வரும். லைன்ல சொல்வாங்க."

"கழட்டுங்க."

கழற்றினார். இரண்டு குதிகாலுக்கும் மேலே, தசைநார் விரல்தடிமனுக்குப் புடைத்திருந்தது. டாக்டரம்மா குனிந்து அழுத்திப் பார்த்தார். "லைன்ல எல்லாருக்கும் ரெண்டு கால்லயும் இதே எடத்துல, இவ்ளோ தடியாவா இருக்கு?"

ஏகாம்பரநாதன் குனிந்து தன் காலை முதல்முறையாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார்.

"இதான் சார் கொழுப்பு. உங்க கூடப் பொறந்தவங்க?"

"அண்ணன் ஒருத்தரு." ஏகாம்பரநாதன் குரல் இறங்கியது. "முப்பத்தெட்டு வயசு. படப்பை பஸ் ஸ்டாண்டுல நின்னுகினே... கேஸ் ட்ரபிள்னாங்க."

பிறகு அவர், யாரும் கேட்காமலே, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி நீட்டினார். முகத்தை மட்டும் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். மறுநாள் வந்த எண் முந்நூற்று எழுபத்தொன்று.

(ஏகாம்பரநாதனை வில்லனாக்கத்தான் இருந்தேன். கையை நீட்டிக் கெடுத்துவிட்டார்.)

அவர் கையை நீட்டிக்கொண்டிருந்தபோதே கட்டிலிலிருந்து குரல் வந்தது. "டாக்டர், அப்போ நான் திருடலதான?"

"இல்லடா கண்ணு."

"எழுதிக் குடுங்க."

டாக்டரம்மா சிரித்தார். தேவிப்பிரியா சிரிக்கவில்லை. ஆகவே மாத்திரைச் சீட்டில், மாத்திரைகளுக்குக் கீழே, தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்: இந்தப் பெண் திருடவில்லை.

7

முடிவுகள் மூன்று வைத்திருக்கிறேன்.

முதலாவது, மன்னிப்பு. சாரதா கீரை வடிகட்டிய கையோடு மாடியேறி இசக்கிசெல்வியைக் கட்டிக்கொள்கிறாள். கண்ணீர். இதில் ஒரு சிக்கல். இசக்கிசெல்வி அதற்குள் சேரப்பணஞ்சேரியில் வேறு அறை பார்த்துப் போய்விட்டாள். சாரதா தேடிப் போனது உண்மை. அவள் சொன்னதும் உண்மை: "போட்டும்க்கா. ஆனா திரும்ப வரச் சொல்லாதிய. அங்க முறுக்குச் சுட்டா, வாசன எங்க போவுதுன்னுல்லா பாத்துக்கிட்டே இருக்கணும்."

இரண்டாவது, அடுத்த குடும்ப விழா. ஏகாம்பரநாதன் ஒலிபெருக்கியைப் பிடுங்கி, 'எல்லாரும் ஷூவைக் கழட்டுங்கடா' என்று முழங்குகிறார். கைத்தட்டல். அவர் அப்படிப் பேசுகிற ஆளில்லை. லைனில் ஒருவரிடம் மட்டும் மெதுவாகக் காலைக் காட்டச் சொல்லியிருக்கிறார். அவருக்கு வெறும் காய்ப்புதான்.

மூன்றாவது, ஆசிரியர் கேட்ட முடிவு. குடும்பமே சிரித்தபடி, 'அளவான எண்ணெய், அழகான வாழ்க்கை' என்று

(முடியாது.)

ஆக, முடிவு உங்கள் பொறுப்பு. பாக்கி இருப்பது ஒன்றே ஒன்றுதான். சீட்டு கிடைத்ததோடு தேவிப்பிரியா நிறுத்தவில்லை. அது காஞ்சிபுரத்து டாக்டருக்குத்தான் தெரியும், கூட்டுரோட்டுக்குத் தெரியாதே? அவளைத் திருடி என்று அச்சில் சொன்னவர் அச்சிலேயே திருப்பிச் சொல்ல வேண்டும். இன்லாண்டு கவரில் எழுதிப் போட்டாள்: 'டாக்டர் நரசிம்மன் மாமா, நான் எதுவும் தின்னவில்லை. உங்கள் பக்கத்தில் போடுங்கள். விலாசம் கீழே உள்ளது.'

மூன்று ஞாயிறும் அவள் என்னிடம் அதைத்தான் கேட்டாள். "நீங்க பத்திரிகைலதான சார் எழுதறீங்க? அந்த டாக்டரு லெட்டர படிச்சாரான்னு கேளுங்களேன்." கேட்டுச் சொல்கிறேன் என்றேன். சாரதா போட்ட காபியைக் குடித்தேன். வந்துவிட்டேன்.

அவர் என்ன பதில் எழுத வேண்டும், எப்படி எழுத வேண்டும், அவள் வீட்டுக்கே போய்ச் சொல்ல வேண்டுமா? நீங்களே தீர்மானியுங்கள். தீர்மானிப்பதற்கு ஒரு தகவல் குறைகிறது, அதையும் கொடுத்துவிடுகிறேன்.

8

ஆசிரியர் அந்தக் கடிதத்தைச் சரியான ஆளிடம்தான் கொடுத்தார். டாக்டர் நரசிம்மன் என்று யாரும் கிடையாது. வட்டத்துக்குள் இருக்கும் படம் அச்சகத்தில் பைண்டிங் செய்தவருடையது. நாலு வருடமாக 'உடம்போடு பேசு' பகுதியை, தொடர்கதை எழுதி முடித்த கையோடு, நான்தான் எழுதிக்கொண்டிருந்தேன். 'தொண்ணூறே நாள்' வந்த வாரம் பக்கம் நிறையவில்லை, இரண்டு வரி குறைகிறது என்று லே-அவுட் செய்கிறவர் வந்து நின்றார். இதன் பிறகும் குறையவில்லையா, சந்தேகமே வேண்டாம் என்று ஆரம்பித்து, நின்றபடியே எழுதிக் கொடுத்தேன்.